கிளஸ்டர் தலைவலியின் உச்சத்தில் கை செயலிழந்து, பேச்சும் குழறியது: இது அந்த நோயின் பகுதிதானா?

கயல், பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 38 வயது. இடது கண்ணுக்குப் பின்னாலிருந்து துளைத்தெடுக்கும் வலியைக் கிளஸ்டர் தலைவலி என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்வதற்குள், சைனஸ் என்று ஆவி பிடித்து, சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டு, நன்றாக இருந்த ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கியாயிற்று. ஆண்டுதோறும் ஐப்பசி மழையோடு தொடங்கும் இந்த வலி, சில வாரங்கள் ஆட்டிப் படைத்துவிட்டு மார்கழிக்குள் தானாக அடங்கிவிடும்.

அதன் வழக்கமான போக்கு எனக்கு மனப்பாடம். கண்ணயர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுந்து உட்காருவார். இடது கண் சிவந்து நீர் கொட்டும், இடப்பக்க மூக்கு அடைத்துக்கொண்டு ஒழுகும், இமை தாழ்ந்துவிடும். படுக்க முடியாமல் மொட்டை மாடியில் முன்னும் பின்னுமாக நடப்பார்; தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வலி விட்டுவிடும்.

நேற்று இரவு நடந்தது அப்படியில்லை. வலி உச்சத்தில் இருந்தபோது உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்றார். பிறகு நான் கொடுத்த வெந்நீர் டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முயன்றவரால் விரல்களை மடக்கிப் பிடிக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட முயன்றபோது சொல் குழறி வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்த சுமாட்ரிப்டான் ஊசியை அதற்குச் சற்று முன்புதான் போட்டிருந்தோம். நெஞ்சை அழுத்துகிறது என்றும் சொன்னார். வலி விட்டதும் எல்லாம் சரியாகி உறங்கிவிட்டார். இப்போது காலைக் காப்பி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன் என்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றபோது, சிவந்த கண்ணையும் ஓரிடத்தில் நில்லாமல் நடப்பதையும் பார்த்து, குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டி நெடுநேரம் காக்க வைத்தார்கள். அதனால் மருத்துவமனை என்றாலே மறுக்கிறார். கை மரப்பதும் பேச்சுக் குழறுவதும் இந்த நோயில் வரக்கூடியவைதானா என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மழைக்கால நோயாளி, தாம்பரம்

சகோதரிக்கு வணக்கம். நானும் பல ஆண்டுகளாக இதே வேதனையோடு வாழ்கிறவன், வலது பக்கம். இமை தாழ்வதும், கண்பாப்பா சிறுத்துப்போவதும், நெற்றியில் ஒரு பாதி மட்டும் வியர்ப்பதும், முகம் ஒரு பக்கம் வீங்கினாற்போல் ஆவதும் முதல் முறை பார்க்கும்போது குலை நடுங்க வைக்கும். என் தாயார் எனக்குப் பக்கவாதம் என்றே நினைத்து அழுதிருக்கிறார். இவை எல்லாம் இந்த நோயோடு ஒட்டிப் பிறந்தவை என்று பின்னர் தெரிந்துகொண்டோம்.

கை மரப்பதும் எனக்கு வந்ததுண்டு. வலியில் மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவோம் அல்லவா, அதனால்தான் என்று மருத்துவர் விளக்கினார். இப்போது நன்றாக இருக்கிறார் என்றால், ஸ்கேன் ஸ்கேன் என்று அலைந்து பணத்தைக் கரைக்காமல், அடுத்த முறை வரும்போது கவனித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நரம்பியல் மருத்துவர் (பயிற்சியில்), சென்னை

கயல் அவர்களே, முதலில் இதைச் செய்யுங்கள்: அவரை வேலைக்கு அனுப்பாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள், இன்று காலையே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விளக்கத்தை வழியில் படித்துக்கொள்ளலாம்.

தாம்பரத்து நண்பர் இமையையும் கண்பாப்பாவையும் பற்றிச் சொன்னவை சரியானவை. முகத்தின் உணர்வைச் சுமக்கும் முப்பிரிவு நரம்பு தூண்டப்படும்போது மூளைத் தண்டின் வழியாக ஓர் அனிச்சைச் செயல் கிளம்புகிறது. அதுதான் அந்தப் பக்கத்துக் கண்ணையும் மூக்கையும் ஒழுக வைக்கிறது. கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் தமனியின் சுவரை ஒட்டியே கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பு இழைகள் ஓடுகின்றன. அவை பாதிக்கப்படும்போது இமை தாழ்ந்து, கண்பாப்பா சுருங்கும். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் வலி வருவதற்கும், ஆண்டின் ஒரே பருவத்தில் திரும்புவதற்கும் உடலின் கடிகாரமாகிய ஹைப்போதலாமஸ் காரணம் என்று கருதுகிறோம். வலியின்போது அப்பகுதி விழித்தெழுவதை 1998-இல் பெட் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். ஆக, வலிக்கும் பக்கத்தில், முகத்துக்குள், வலியோடு வந்து வலியோடு போகும் அடையாளங்கள் இந்நோய்க்கு உரியவை.

கை செயலிழப்பதும் பேச்சுக் குழறுவதும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவை. மூச்சு வேகமாவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடும் விரல்களும் மரக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் இரு கைகளிலும் வரும், விரல்கள் இறுகிக் குவியும், பிடி நழுவாது, சொல் குழறாது. எனவே எனக்கு மூன்று செய்திகள் தேவை. டம்ளர் நழுவியது எந்தக் கை? வலிக்கு முன்போ பின்போ கழுத்தில் வலி உண்டா? அண்மையில் கழுத்தில் அடியோ திருகலோ ஏற்பட்டதா? முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துக் கழுத்தைச் சொடுக்கியதும் இதில் அடங்கும்.

கயல், பெரம்பூர்

வலது கை. இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து இறங்க முடிந்தது. கழுத்தின் இடப்புறம் நான்கைந்து நாட்களாக வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்; தலையணை சரியில்லை என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டபோது கழுத்தை இருபுறமும் சொடுக்கிவிட்டார்களாம். நீங்கள் கேட்ட பிறகுதான் அவரிடம் விசாரித்தேன்.

நரம்பியல் மருத்துவர் (பயிற்சியில்), சென்னை

108-ஐ அழையுங்கள். உள்ளே நுழைந்தவுடன் 'தலைவலி' என்று தொடங்காதீர்கள். 'நேற்று இரவு வலது கை செயலிழந்து பேச்சுக் குழறியது, இடது கழுத்தில் வலி இருக்கிறது, இடது இமை தாழ்ந்திருந்தது' என்ற வரிசையில் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் முதல் வாக்கியம்தான் உங்களை எந்தக் கட்டிலில் படுக்க வைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

நான் அஞ்சுவது, கழுத்துத் தமனியின் உட்படலம் கிழிந்து இரத்தம் சுவருக்குள் புகும் நிலையை. இடப்பக்கத் தலைவலியும் கழுத்து வலியும், இடது இமை தாழ்ந்து கண்பாப்பா சிறுத்தலும், மறுபக்கமாகிய வலது கையின் தளர்ச்சியும் ஒன்றாக வந்தால், வேறு காரணம் உறுதிப்படும்வரை அதுதான் என்று எண்ணிச் செயல்பட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் மையம் மூளையின் இடது பாதியில்தான் இருக்கிறது. வலது கையும் பேச்சும் ஒருங்கே தடுமாறியது அந்தப் பக்கத்தையே சுட்டுகிறது. கிளஸ்டர் தலைவலி இருப்பவருக்குத் தமனி கிழியாது என்று எந்த விதியும் இல்லை. பழைய நோய் இருப்பதனாலேயே புதியதைக் காணத் தவறுவதுதான் இங்கே உள்ள ஆபத்து. இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால், இப்படி மீண்டும் நேர்ந்தால் வலி அடங்கட்டும் என்று காத்திருக்கவே கூடாது. காரணம் தெரியும்வரை சுமாட்ரிப்டான் வேண்டாம். அது இரத்த நாளங்களைச் சுருக்கும் மருந்து.

மழைக்கால நோயாளி, தாம்பரம்

மருத்துவருக்கு என் வணக்கம். ஒன்றைத் தெளிவுபடுத்துங்கள். இந்தக் காலத்தில் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைகூட வலி வருகிறது. ஒவ்வொரு முறையும் கை குறுகுறுத்தால் ஆம்புலன்ஸ் அழைக்க முடியுமா? நோயாளியின் நிலையிலிருந்து கேட்கிறேன், மறுப்பதற்காக அல்ல.

நரம்பியல் மருத்துவர் (பயிற்சியில்), சென்னை

நியாயமான கேள்வி. உங்கள் தாக்குதலின் முகம் உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், எவை சேர்ந்து வரும் என்பதெல்லாம் ஒரு மருத்துவரால் ஒருமுறை முறையாகப் பரிசோதிக்கப்பட்டிருந்தால், அதே முகத்தோடு வரும் குறுகுறுப்புக்கு ஓடத் தேவையில்லை. முகம் மாறும்போதுதான் ஓட வேண்டும். மருத்துவம் கிளஸ்டர் தாக்குதலுக்குப் 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை எல்லை வகுத்திருக்கிறது. மூன்று மணி நேரத்தைத் தாண்டியும் விடாமல் நிற்கும் வலி, மெல்ல ஏறாமல் ஒரே நொடியில் இடி விழுந்தாற்போல் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோ கழுத்து விறைப்போ சேர்ந்த வலி, நினைவு மங்குதல், வலிப்பு, இரட்டைப் பார்வை, கை கால் தளர்ச்சி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் வலி ஆகிய எதுவும் பழைய முகம் அல்ல. வலி இல்லாத நேரத்திலும் இமை தாழ்ந்தே இருந்தால் அதையும் காட்டுங்கள். நீண்ட நாள் நோயாளிகள் சிலருக்கு அது அப்படியே தங்கிவிடுவதுண்டு. ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் பரிசோதித்த மருத்துவர்.

கண் பரிசோதகர், எழும்பூர்

கண்பாப்பாவைப் பற்றி ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் வீட்டில் இருப்பவர்களே பார்க்கக்கூடியது இது. இமை தாழ்ந்த கண்ணில் பாப்பா மறுகண்ணைவிடச் சிறுத்திருந்தால் அது கிளஸ்டர் தலைவலியில் எதிர்பார்க்கக்கூடியது. அறை விளக்கை மங்கலாக்கினால் வேறுபாடு நன்றாகத் தெரியும், ஏனெனில் நல்ல கண்ணின் பாப்பா விரியும், பாதிக்கப்பட்டது விரியாது. அதற்கு மாறாக, இமை தாழ்ந்த கண்ணில் பாப்பா பெரிதாக விரிந்து நின்றால் நிலைமை முற்றிலும் வேறு. மூளையடி இரத்தக்குழாயில் ஏற்பட்ட புடைப்பு மூன்றாம் நரம்பை அழுத்துவதாலும் அப்படி நேரலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. சிவந்த கண், கடும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், புகை படிந்தாற்போல் மங்கும் பார்வை, பாதி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாத பாப்பா ஆகியவை கண்ணழுத்தம் திடீரென ஏறும் குளுக்கோமாவின் அடையாளங்கள். கிளஸ்டர் தலைவலி என்று எண்ணி வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால், விடிவதற்குள் பார்வை போய்விடக்கூடும். தாக்குதலின்போது இரு கண்களும் சேர்ந்து தெரியுமாறு கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எங்கள் முன் அமர்ந்திருக்கும்போது பெரும்பாலோருக்கு வலியும் இருப்பதில்லை, அடையாளமும் இருப்பதில்லை. அந்தப் படம்தான் பேசும்.

கயல், பெரம்பூர்

கவலையோடு விசாரித்த அனைவருக்கும் நன்றி. நேற்று முன்தினம் முழுவதும் மருத்துவமனையில் இருந்ததால் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். உடனே உள்ளே அழைத்துக்கொண்டார்கள். மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். கழுத்துத் தமனிகளுக்குச் சாயம் செலுத்தி சிடி ஆஞ்சியோகிராம் செய்தார்கள். தமனி கிழியவில்லை, பக்கவாதத்தின் தடமும் இல்லை, பிட்யூட்டரிச் சுரப்பியிலும் கட்டி இல்லை. கழுத்து வலி தசைப்பிடிப்பு என்றார்கள். நெஞ்சு அழுத்தத்துக்காக ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இதயத்தில் குறை இல்லை.

மைக்ரேன் நோயாளிகளுக்கு வருவதுபோன்ற ஆரா எனப்படும் நரம்பு அறிகுறிகள் கிளஸ்டர் தலைவலியிலும் சிலருக்கு வருவதுண்டு என்றும், அரிதாக ஒரு பக்கக் கை கால் தளர்வதுகூட மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது என்றும் தலைமை மருத்துவர் விளக்கினார். மற்றவை அனைத்தையும் விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சொல்ல முடியும் என்பதையும், மீண்டும் வந்தால் மீண்டும் வர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார். சுமாட்ரிப்டானை நிறுத்திவிட்டார்கள். இனி ஆக்சிஜன்தான் முதல் மருந்து, தடுப்புக்கு வெராபமில். பின்தலை நரம்பில் ஓர் ஊசியும் போட்டார்கள். வீட்டில் ஆக்சிஜன் வைப்பது பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் ஒன்று, கொரோனாக் காலத்தில் வாங்கியது, உறவினர் வீட்டில் சும்மா இருக்கிறது, அது போதுமா?

சிலிண்டர் வைத்திருப்பவன், வேளச்சேரி

போதாது, அம்மா. பெரும்பாலான வீட்டுக் கான்சென்ட்ரேட்டர்கள் நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும். சில 10 லிட்டர். இந்த நோய்க்கு வேண்டியது நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், அதுவும் தூய ஆக்சிஜன். 2009-இல் வெளியான ஆய்வில், 12 லிட்டர் வேகத்தில் ஆக்சிஜன் இழுத்தபோது 78 விழுக்காட்டுத் தாக்குதல்களில் கால் மணி நேரத்தில் வலி அகன்றது அல்லது போதிய அளவு தணிந்தது. வெறும் காற்றைக் கொடுத்தபோது அது 20 விழுக்காடுதான். மூக்கில் செருகும் குழாயில் கொடுத்தால் பயன் இராது. பை தொங்கும் 'நான்-ரீபிரீதர்' முகமூடி (விட்ட மூச்சை மீண்டும் இழுக்க விடாதது) வேண்டும். பை முழுவதும் நிறைந்த பிறகு முகத்தில் அழுத்திப் பொருத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து சற்று முன்சாய்ந்து இழுக்க வேண்டும்.

வாடகைக்குத் தருபவர்களிடம் மருத்துவர் சீட்டைக் காட்டி பி டைப் சிலிண்டர் என்று கேளுங்கள். அதில் ஏறக்குறைய 1,500 லிட்டர் இருக்கும். 12 லிட்டர் வேகத்தில் கால் மணி நேரம் என்றால் 180 லிட்டர். எட்டுத் தாக்குதல்களுக்கு வரும் என்று கணக்கிட்டு, முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் மாற்றச் சொல்லிவிடுங்கள். மழை வெள்ள நாட்களில் எங்கள் பகுதிக்கு வண்டி வராது என்பதால், நான் இரண்டு வைத்திருக்கிறேன். ரெகுலேட்டரின் அளவுக் குழாயில் 15 வரை கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, கொசுவர்த்தி எதுவும் அந்த அறையில் கூடாது. அவர் புகைப்பவராக இருந்தால் அருகில் தீக்குச்சிகூட வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஒரு மனைவி, மடிப்பாக்கம்

கயலின் பதிவைப் படித்துவிட்டு உறக்கம் வரவில்லை. என் கணவருக்கும் இதே நோய். வலியின்போது 'இதற்குச் செத்துவிடலாம்' என்கிறார். சென்ற வாரம் நெற்றியைச் சுவரில் மோதி இரத்தம் வந்துவிட்டது. கை மரப்பது மட்டும்தான் அபாய அறிகுறியா? இதை யாரிடம் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நரம்பியல் மருத்துவர் (பயிற்சியில்), சென்னை

இதுவும் அபாய அறிகுறிதான், அம்மா. கை தளர்வதற்கு இணையாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். மனிதர் அனுபவிக்கும் மிகக் கொடிய வலிகளில் ஒன்று இது என்பதால், அந்தச் சொல்லைப் பேச்சுக்குச் சொல்கிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வலி இல்லாத நேரத்தில், அருகில் உட்கார்ந்து, 'உயிரை விட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைக்கிறீர்களா, அதற்கு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறீர்களா' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. திட்டம் உண்டு என்றால் தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். மொட்டை மாடிக் கதவைப் பூட்டுங்கள், மாத்திரைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ஐயும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. அவருடைய நரம்பியல் மருத்துவரிடமும் இதே சொற்களில் சொல்லுங்கள். வலியை விரைவாக அடக்கும் மருந்து கையில் இல்லாதபோதுதான் நம்பிக்கையிழப்பு முற்றுகிறது. அவருக்கு இதுவரை யாரும் ஆக்சிஜன் எழுதித் தரவில்லை என்றால், முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மழைக்கால நோயாளி, தாம்பரம்

மடிப்பாக்கத்துச் சகோதரிக்கு: அவர் விரும்பினால் என்னோடு பேசட்டும். இழையின் தனிச்செய்தியில் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கும் நான் பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பேன்.

கயலுக்கு: வெராபமில் தொடங்கும் முன்பே ஈசிஜி எடுத்தார்களா என்று பாருங்கள். இந்த நோய்க்கு அதை இதய நோய்க்குக் கொடுப்பதைவிட அதிக அளவில் தர நேர்கிறது. ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகும் பத்துப் பதினான்கு நாட்களில் மறுபடி ஈசிஜி எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதயத் துடிப்பின் மின்னோட்டம் தடைபடலாம் என்பதே காரணம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, நாடி மிகவும் மெதுவாகத் துடித்தாலோ, அதைத் தலைவலியின் கணக்கில் எழுதாதீர்கள்.

கயல், பெரம்பூர்

முதல் ஈசிஜி எடுத்துவிட்டார்கள்; அடுத்ததற்கு நாள் குறித்திருக்கிறார்கள். சிலிண்டர் நேற்று மாலை வந்தது. அவசரப் பிரிவில் காட்டுவதற்கு ஒரு கடிதம் கேட்டேன்; மருத்துவர் மறுக்காமல் எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார். இழையில் இருப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பதற்காக அதன் செய்தியைத் தமிழில் தருகிறேன்:

'இவருக்கு இடப்பக்கக் கிளஸ்டர் தலைவலி இருப்பது உறுதி செய்யப்பட்டுள்ளது. தாக்குதலின்போது இவரால் ஓரிடத்தில் அமரவோ படுக்கவோ இயலாது. இடது கண் சிவந்து இமை தாழ்ந்திருக்கும். இது போதையின் அடையாளம் அல்ல. நான்-ரீபிரீதர் முகமூடியில் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன், 15 முதல் 20 நிமிடம் கொடுக்கவும். சுமாட்ரிப்டானும் மற்ற டிரிப்டான் மருந்துகளும் தர வேண்டாம். வெராபமில் உட்கொள்கிறார், ஈசிஜி எடுக்கவும். கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ இருந்தால், முந்தைய ஸ்கேன் முடிவுகள் இயல்பாக இருந்தாலும், பக்கவாதத்துக்கான பரிசோதனையைப் புதிதாகத் தொடங்கவும்.'

இதன் ஒரு பிரதி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. ஒன்று என் கைப்பேசியில். மற்றொன்றை அவர் வேலை செய்யும் இடத்தின் மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறோம்.